வலது கால்

பெரிய வியாழன் காலையிலேயே ரூபி டிபன் கேரியரோடு வந்துவிட்டாள். இரண்டு வருடமாகத் தம்பி ஜூலியனுக்கு அவள் வீட்டுச் சாப்பாடுதான். தம்பி மனைவி ரோசாவின் கைச்சோற்றை அவள் நம்புவதில்லை.

“சாயந்தரம் கோயில்ல பாதம் கழுவ இவன் பேரையும் சாமியார் எழுதியிருக்காராமே. விரல் போன காலை ஊரே பாக்கணுமா? உன் வேண்டுதலுக்காகச் சுகர்காரனை வெறுங்காலோட வேளாங்கண்ணிக்கு நடக்க வெச்சியே, அது பத்தலையா?”

ரோசா அடுப்பில் உலையை ஏற்றினாள். அந்த நடையில் வந்த புண்ணால்தான் ஜூலியனின் வலது காலில் மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவன் கேரியரைத் திறக்காமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

மாலையில் பீடத்தின் முன், அன்று இயேசு பாதம் கழுவிய சீடர்களைப் போலப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். கழுவப்போகிற கால்தான் என்றாலும், எல்லாரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஜூலியன் இடது காலை நீட்டினான். முழந்தாளிட்டிருந்த சாமியார், “அந்தக் காலைக் குடுப்பா” என்றார். கழுவி, துடைத்து, விரல் இல்லாத இடத்தில் முத்தமிட்டார். ரோசாவைத் தவிர யாரும் ஆசையாகத் தொடாத கால் அது. ஜூலியன் குலுங்கி அழுதான்.

பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா… அந்த வேண்டுதல் ரோசாது இல்ல. என்னுது.”

“ஏங்க, வேணாம்…” என்றாள் ரோசா.

“உனக்கு மார்ல கட்டின்னு ஆபரேசன் பண்ணப்ப, நீ பொழச்சா நடந்தே வரேன்னு நான்தான் மாதாகிட்ட வேண்டிக்கினேன். போவாதேன்னு என் கால்ல விழுந்து தடுத்தவ இவ. உண்மை தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு, தன் வேண்டுதல்னு சொல்லிப் பழியை ஏத்துக்கினா. நானும் வாயை மூடிக்கினு இருந்துட்டேன்.”

ரூபி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “என் உசுருக்குப் பதிலா ஆண்டவர் என் தம்பி விரலை எடுத்துக்கினாரா…”

இரண்டு வருட ஏச்சையும் தாங்கிய ரோசாவால் இந்த ஒரு கேள்வியைத் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நாத்தனாரை அணைத்துக்கொண்டாள்.

“நம்ம ஆண்டவர் காலைக் கேக்கறவரு இல்ல அண்ணி. இப்பத்தான பாத்தீங்க, காலைக் கழுவுறவரு. நமக்கு நோவுன்னா அவருக்கும் நோவும்.”

ரூபி அவள் தோளில் முகம் புதைத்து நெடுநேரம் அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“பசிக்குது ரோசா. உன் வீட்ல சோறு இருக்குமா?”

“இருக்கு அண்ணி, வாங்க.”

இந்த இரண்டு வருடமும் ரோசா, ரூபியையும் சேர்த்து மூன்று பேருக்குத்தான் உலை வைத்துக்கொண்டிருந்தாள்.