ஆமாம் என்றவனின் முகம்

மாலை மணி அடித்ததும் மங்கை செவிமணியைக் காதில் செருகிக்கொண்டு வாசிப்பகத்தின் கண்ணாடி அறையில் உட்கார்ந்தாள். பழைய கிரேக்க உரையாடல் ஒன்று ஓடத் தொடங்கியது. கிழவர் கேட்டார், இளைஞன் ‘ஆமாம்’ என்றான். மறுபடி கேட்டார், மறுபடி ‘ஆமாம்’. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், யார் முகம் சிவந்தது என்பதெல்லாம் அவளுக்கு வராது. அவள் வாதவாசகி, வாதம் மட்டுமே அவள் பங்கு. அந்தப் பகுதிகளைப் பகுப்பான் இயந்திரம் வடிகட்டிக் கதைவாசகர்களுக்கு அனுப்பிவிடும்.

முன்பெல்லாம் இரண்டையும் ஒருவரே வாசித்தார்களாம். அழகாகப் பேசியவன் பக்கமே ஊர் சாய்ந்தது என்று சட்டம் போட்டுப் பிரித்துவிட்டார்கள். வாதவாசகரும் கதைவாசகரும் இணையாக உட்கார்ந்து, பாதியையும் பாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மங்கையின் இணை போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை அவளுக்கு அரை வாசிப்புதான். அரை வாசிப்பை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது அந்த ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

எதிர் அறையில் அவள் கணவன் சேந்தன், தன் இணை குயிலிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். புருவம் ஏறியது, கைகள் பறந்தன. குயிலி விழுந்து விழுந்து சிரித்தாள். சத்தம் கேட்கவில்லை, பல் மட்டும் தெரிந்தது. மங்கைக்கு வயிறு எரிந்தது.

ஒரு காலத்தில் அந்த நாற்காலி அவளுடையது. இணையாக உட்கார்ந்து வாசித்துத்தான் இருவரும் காதலித்தார்கள். ஆனால் மணமானவர்கள் இணையாக நீடிக்க முடியாது, வாசித்ததை வீட்டில் பேசவும் கூடாது. வீட்டில் விட்டுக்கொடுத்துப் பழகியவர்கள் வாதத்திலும் விட்டுக்கொடுப்பார்கள் என்பது அரசின் எண்ணம். கல்யாணத்துக்குப் பிறகு சேந்தன் அவளிடம் உப்பு, மழை, மின்தடை பற்றிப் பேசினான். கதையெல்லாம் குயிலிக்குப் போயிற்று.

அன்று இரவு சாப்பிடும்போது மங்கை ஆரம்பித்தாள்.

“ஒரே வீட்டுல இருக்கறதுக்குச் சுவர் போதும், இல்லையா?”

சேந்தன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு, “ஆமாம்” என்றான்.

“பேசறதுக்கு மனசு வேணும்?”

“ஆமாம்.”

“அப்ப கூட இருக்கறவங்களைவிட, கூடப் பேசறவங்கதான் நெருக்கம்?”

கையிலிருந்த தோசைத் துண்டை அவன் தட்டில் வைத்தான். மணிக்கட்டில், இணையின் பெயர் காட்டும் வாசிப்பகக் கைப்பட்டையில் ‘குயிலி’ என்று மின்னியது. “ஆமாம்.”

“அப்ப நாம பிரிஞ்சுடலாம். பிரிஞ்சா மறுபடி இணையாகலாம். உன் கதை எனக்கு வரும்.”

வெகுநேரம் கழித்து வந்தது அந்தக் கடைசி ‘ஆமாம்’. மங்கைக்கு ஜெயித்த சந்தோஷம். குயிலியை நினைத்துப் படுக்கையில் சிரித்துக்கூடக் கொண்டாள்.

விவாகரத்து சுலபமாகக் கிடைத்தது. சேந்தன் கடற்கரைப் பக்கம் ஓர் அறை எடுத்துக்கொண்டான். குயிலி வேறு கிளைக்கு மாற்றப்பட்டாள். புது இணையின் முதல் அமர்வுக்கு மங்கை அந்தப் பழைய உரையாடலையே கேட்டு வாங்கினாள்.

“சொல்லு. எனக்கு வராத பாதி,” என்றாள்.

சேந்தன் கைகளை மடியிலேயே வைத்திருந்தான். “விருந்து முடிஞ்ச கூடம். கிழவர் பேசறாரு, ஆனா அவர் கண்ணு வாசல்லயே இருக்கு. அங்க இன்னொரு பையன் நிக்கறான், அழகா. அவன் காதுல விழணும்னுதான் அவ்வளவும் பேசறாரு.”

“இந்தப் பையன்?”

“ஒவ்வொரு ஆமாமுக்கும் முன்னாடி கொஞ்சம் நிறுத்தறான். கிழவர் ஒருதரமாவது தன் முகத்தைப் பாப்பாருன்னு. பாக்கல. கடைசி ஆமாம் சொல்லிட்டுச் செருப்பைக்கூட மாட்டாம இறங்கிப் போயிடறான்.”

மங்கை செவிமணியைக் கழற்றினாள். “அன்னிக்கு நான் கேட்டப்பவே உனக்கு இது தெரியுமா?”

“குயிலியோட அதே சாயங்காலம்தான் வாசிச்சேன். நீயும் அந்தக் கிழவர் மாதிரிதான் கேக்கறேன்னு முதல் கேள்வியிலேயே புரிஞ்சுது.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“வீட்டுல பேசக்கூடாதே. முகத்தைப் பாத்தா தெரிஞ்சுப்பேன்னு நினைச்சேன். நீ என் கைப்பட்டையையே பாத்துட்டு இருந்தே. அதுல அவ பேர் மின்னிட்டு இருந்துச்சு.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள், வெண்ணெயையும் கொட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“வீட்டுக்கு வந்துடு,” என்றாள்.

“வந்தா மறுபடி இந்த நாற்காலி போயிடும். சம்மதமா?”

இந்த முறை மங்கை அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. அவள் தயங்குவதைச் சேந்தன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மணி அடித்தது. அவன் எழுந்து கடற்கரைப் பக்கத்து வாசல் வழியாகப் போனான்.

மங்கை தனியாக வீடு திரும்பினாள். இப்போது அவளுக்குக் குயிலியின் மேல் பொறாமை இல்லை. எதிரே உட்கார்ந்து, தட்டைப் பார்த்தபடி உப்பு குறைகிறது என்று சொன்னவனுக்கு ஒரு சிட்டிகை உப்பு எடுத்துப் போட்டாளே, அந்தப் பழைய மங்கையின் மேல் வயிறு எரிந்தது.