முகத்துவாரத்தில் ஒரு மேடு

கணினிக்குள் ஓடிய ஆற்றின் அடியில், இருக்கக்கூடாத இடத்தில் ஒரு மேடு இருந்தது. ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம். தண்ணீர் எப்படிப் போகும், மண்ணை எங்கே அரிக்கும், எங்கே படியவிடும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்குச் சேற்று ஜோசியக்காரி என்றே பட்டப்பெயர். அந்த ஜோசியத்தில் இப்படியொரு மேடு இதுவரை வந்ததில்லை.

விடுமுறை நாள் மதியம். மாடியில் அவள் மட்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்ய, பின்பக்கக் கால்வாயின் சேற்று வாடை ஜன்னல் இடுக்கு வழியாக ஏறிவந்து, காகிதம், மேசை, அவள் தலைமுடி என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. புதுப் பாலத்துக்காக முகத்துவாரத்தின் பழைய ஆழ அளவுகளை எடுத்து, திருத்தாமல் அப்படியே போட்டிருந்தாள். அளவெடுத்த தேதியைப் பார்த்தாள். 

அதற்கு முந்தின நாள்தான் அவள் கணவன் காணாமல்போனான். அவனும் இதே அலுவலகம். படகில் போய் ஆழம் அளப்பவன். அன்று முகத்துவாரத்துக்கு அவனோடு போனது அவள் அண்ணன், இங்கே மேலதிகாரி. இருவருக்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம். கரைக்கு வந்ததும் அவன் எவளோடோ ஓடிப்போய்விட்டான் என்று அண்ணன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். கூடப்பிறந்தவன் பொய் சொல்வானா? எட்டு மாதமாக அவள் கட்டியவனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள், மண்ணாய்ப் போகட்டும் என்று.

அவன் காணாமல்போன மறுநாள் வேறு ஆட்கள் எடுத்த அளவை அண்ணனே கொண்டுவந்து தந்தான். படகு ஆடியதில் ஓரிடம் துருத்திக்கொண்டு நிற்கிறது, நிரவி விடும்மா என்றான். அப்படிப் பிழை வருவது சகஜம். மீன் குறுக்கே போனாலும் வரும். மூக்கைச் சிந்திக்கொண்டே அவள் நிரவினாள். இரண்டு நிமிட வேலை.

தன் புருஷன் கிடந்த இடத்தைத் தன் கையாலேயே தடம் தெரியாமல் ஆக்கியிருந்தாள். அடப்பாவி, என்னை வைத்தே செய்துவிட்டாயே என்று நெஞ்சு எரிந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டாள். மேடு என்றதும் அவன் குறுக்கே புகுந்தான். 

"யாருகிட்டயும் சொல்லாத. நான் வரேன்."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபோது மேடு நகர்ந்திருந்தது.

நீரோட்டத்தைக் காட்டும் அம்புகள் எல்லாம் கடலைப் பார்த்தே இருந்தன. மேடு மட்டும் எதிர்த்து வந்தது, மெதுவாக, கட்டம் கட்டமாக. ஆற்றிலிருந்து அலுவலகத்துக் கால்வாய்க்குள் திரும்பியது. கணக்கை நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

கீழே கழிவறைக் குழாய் கொப்பளித்தது.

பிறகு படிக்கட்டில் ஒரு சத்தம். ஈர மூட்டையை இழுப்பதுபோல. ஒரு படி. நின்றது. இன்னொரு படி.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது அண்ணன்தான். மழையில் நனைந்திருந்தான்.

"அழிச்சிட்டியா?" என்றான்.

அவன் பின்னாலேயே ஈர மணல் வாசலைத் தாண்டியது. ஆறடி. தரையோடு தரையாக. அவன் காலருகே வந்தது, ஒதுங்கியது, அவனைக் கடந்தது. நேராக அவளிடம்.

அண்ணன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் கையை நீட்டினாள்.

"அண்ணே."

அவன் பின்னால் நகர்ந்தான். கதவு மூடியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. படிகளில் அவன் ஓடுவது கேட்டது.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் அவள் மணலிடம். "சத்தியமா தெரியாது."

மணல் எழுந்தது. முழங்கால். இடுப்பு. அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தத் தோள். அதற்கு மேலே கண் இல்லை. வாய் இல்லை. காதும் இல்லை. ஒரு கை மட்டும் மேலே வந்து அவள் முகத்தின்மேல் படிந்தது. நெற்றியிலிருந்து கீழாக, மெதுவாக, அழுத்தி நிரவத் தொடங்கியது.