புள்ளி வைத்த கையெழுத்து

டீயை நீட்டினாள். கணவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"அந்தப் புள்ளியெல்லாம் நீ வச்சதா?"

அவள் டீயை மேஜைமேல் வைத்தாள்.

மூன்று முறை சட்டமன்றத்துக்குப் போனவர் அவர். சிபாரிசுக் கடிதம் கேட்டு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை, அவ்வளவு நல்லவர்! ஆனால் கையெழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால்தான் காரியம் நடக்கும், இல்லையென்றால் குப்பைக்கூடைதான். அதிகாரிகளோடு அப்படி ஒரு ரகசிய ஏற்பாடு. கடிதங்களை உறையில் போட்டுக் கொடுப்பவள் அவள். நியாயமென்று பட்ட மனுக்களுக்கு அவளே புள்ளி வைத்துக்கொண்டிருந்தது நேற்றுத்தான் ஓர் அதிகாரி வாய்வழியே வெளியே வந்தது.

"எத்தனை பேர்கிட்ட என்னென்ன வாங்கினீங்க அண்ணி? அண்ணன் பேரையே வித்துட்டீங்களே!" என்று கொழுந்தன் குதித்தான்.

"வாங்கினேன் தம்பி... 'நீ நல்லா இரும்மா'ன்னு சொன்னாங்க, அதை வாங்கினேன்!" அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "வெறும் தாளை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போறாங்களே... அதை எப்படிங்க பார்த்துக்கிட்டு நிக்கிறது?"

"போதும்! உன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு!" என்றார் கணவர்.

இருபது வருஷ வாழ்க்கை ஒரே வார்த்தையில் முடிந்துபோனது. இரண்டு புடவைகளைப் பையில் திணித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, மனுக்காரர்களின் வரிசைக்கு முன்னால் தையற்காரி ஒருத்தி நின்றாள். பக்கத்தில் நர்ஸ் உடையில் அவள் மகள். மனுக்களை வாங்க அவரும் வெளியே வந்திருந்தார்.

"ஐயா, உங்க கடுதாசியாலதான் இவளுக்கு விடுதியில இடம் கிடைச்சுது. படிச்சு முடிச்சிட்டா, இன்னிக்கு வேலையில சேர்றா! எங்க தெருவே அதுக்காகத்தான் உங்களுக்கு ஓட்டுப் போட்டுச்சு" என்றபடி காலில் விழப்போனாள்.

அவர் சட்டென்று பின்வாங்கினார். அந்தக் கடிதம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்கு அவர் புள்ளி வைக்கவில்லை. போன மாதத் தேர்தலில் நூற்றுப்பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்த மனிதர் அவர்!

"என் கால்ல விழாதேம்மா... கும்பிடணும்னா இவளைக் கும்பிடு."

எல்லாருக்கும் முன்னால் மனைவியின் கைகளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "என்னை விட்டுட்டுப் போயிடாதே... மன்னிச்சிடு!"

"மன்னிப்பு எதுக்குங்க? முடியாததை முடியாதுன்னு சொல்லிடுங்க... எனக்கு அது போதும்" என்றாள் அவள், கண்ணீரோடு.

அடுத்து ஒரு பெரியவர். மகனுக்கு இடமாற்றம் வேண்டுமாம். கணவர் மனுவை இரண்டு தடவை படித்தார். பழக்கமில்லாத வார்த்தை, நாக்கு தடுமாறியது.

"பெரியவரே... இது என்னால முடியாதுங்க."

பெரியவர் மனுவைத் திரும்ப வாங்கி மடித்தார். "பதினோரு மாசமா எல்லாரும் 'ஆகட்டும், பார்க்கலாம்'னே சொன்னாங்க... இனிமே அலைய வேண்டாம்ல? நல்லா இருங்க!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

கொழுந்தன் அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான். "அண்ணி... பையைக் கொடுங்க. உள்ளே வைக்கிறேன்."

"சும்மா கொடுத்துடுவேனா? முதல்ல மன்னிப்புக் கேளு!" என்றாள் அவள், அழுகையும் சிரிப்புமாக.