கிழக்கே கடல்

“விளக்கு வைக்கிறதுக்குள்ள அந்த நீலக் கதவைத் தட்டணும். யார்ட்டயும் வழி கேக்கக் கூடாது. ஆட்டோ கிடையாது. போன் எல்லாம் என்கிட்ட இருக்கட்டும்.”

கொச்சிக் கடற்கரையில் ஒரு பெரிய மழைமரத்தடியில் மூன்று பேரையும் இறக்கிவிட்ட லூர்து மாமா, பிளேவியாவின் கையில் வழி எழுதிய ஒரு சீட்டைத் திணித்தார். அடுத்த நிமிடம் கார் பறந்துவிட்டது.

கோடை விடுமுறையின் முதல் நாள். அம்மாவோடு தூத்துக்குடியிலிருந்து ரயிலில் வந்த அலுப்புகூடத் தீரவில்லை. தங்கை மெர்லினுக்கும் சித்தி மகன் ரெக்ஸுக்கும் இது வெறும் புதையல் வேட்டை. பிளேவியாவுக்கோ வாழ்க்கைப் பிரச்சினை. ப்ளஸ் டூ முடித்திருந்த அவளுக்கு இந்த ஊரில் கப்பல் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அம்மாதான் மசியவில்லை. “தெரியாத ஊர்ல வழி தெரியாம முழிச்சா யாரு வந்து பாப்பாங்க?” என்று ஒரே பிடி. மாமா பேசிப் பேசி ஒரு சம்மதம் வாங்கினார். இன்றைக்கு நடந்தே அந்தக் கதவுக்குப் போய்ச் சேர்ந்தால் படிப்பு உண்டு. இல்லாவிட்டால் உள்ளூர்க் கல்லூரிதான்.

மாமா கப்பல்காரர். இடது, வலது என்றெல்லாம் எழுத அவருக்குக் கை வராது. ‘கரையோரமாக வடக்கே போ. சிவப்பு ஓட்டுக் கிடங்கில் கிழக்கே திரும்பு. கிணற்றடியில் மறுபடி வடக்கே. நீலக் கதவு.’ அவ்வளவுதான்.

“வடக்கு எந்தப் பக்கம்க்கா?” என்றாள் மெர்லின். வானம் முழுக்க மேகம் மூடிக்கிடந்தது.

பிளேவியா கடலைப் பார்த்து நின்று இடது கையை நீட்டினாள். “இதுகூடத் தெரியாதா? இந்தப் பக்கம்.”

மூவரும் விறுவிறுவென்று நடந்தார்கள். சுக்கும் மிளகும் மணக்கும் சந்துகள், படம் வரைந்த சுவர்கள், வேர் பிளந்த மதில்கள் என்று புது ஊர் அவர்களை இழுத்துக்கொண்டே போனது. நேந்திரம் சிப்ஸ் வாங்க ரெக்ஸ் நின்ற நேரத்தைச் சொல்லி மாளாது. கடைசியில் ஒரு சிவப்பு ஓட்டுக் கிடங்கு வந்தது. அந்த ஊரில் எந்தக் கட்டடத்துக்குத்தான் சிவப்பு ஓடு இல்லை!

“கிழக்கே திரும்பு” என்று பிளேவியா படித்தாள். திரும்பினார்கள். எதிரே கடல்.

“மாமா புதையலைக் கடலுக்குள்ளயா வச்சிருக்காரு?” என்றான் ரெக்ஸ்.

“அங்க பாருலே!” என்று பிளேவியா கை காட்டினாள்.

மணலில் சாய்ந்து கிடந்த ஒரு பழைய விசைப்படகின் அறைக்கு நீலக் கதவு இருந்தது. மூவரும் பாறைகளைத் தாண்டி ஓடினார்கள். பிளேவியா மூச்சிரைக்கத் தட்டினாள். உள்ளிருந்து ஒரு பூனை பாய்ந்து வெளியேறியது. வேறு யாரும் இல்லை.

பொழுது மங்கத் தொடங்கியது. பிளேவியா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யார்ட்டயாவது கேட்டுருவோம்க்கா. நாங்க சொல்லவா போறோம்?” என்றான் ரெக்ஸ்.

“வேண்டாம்லே. அம்மாவ ஏமாத்திட்டுப் படிக்க எனக்கு மனசு வராது.”

அப்போது மேகம் விலகியது. கடலுக்குச் சற்று மேலே, சிவந்து போய் சூரியன் நின்றது.

மெர்லின் கண்களைக் கசக்கிக்கொண்டாள். “என்னக்கா, விடியுதா?”

பிளேவியா திகைத்து நின்றாள். பிறந்தது முதல் சூரியன் கடலிலிருந்து எழுவதைத்தான் மூவரும் பார்த்திருக்கிறார்கள். அரபிக் கடல் மேற்கே இருக்கிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் அவள். ஆனால் கால்கள் பள்ளிக்கூடம் போகவில்லையே!

“விடியல மெர்லின், பொழுது சாயுது. இங்க கடல் மேக்க இருக்கு. அவ்வளவு தூரமும் தெக்க வந்துட்டோம். ஓடுங்க!”

வந்த வழியே ஓடினார்கள். மழைமரத்தைத் தாண்டினார்கள். உண்மையான கிடங்கு வந்தது. அங்கே கிழக்கே திரும்பியதும் அவர்களுடைய நிழல்கள் முன்னால் நீண்டு ஓடின. கிணறு. வடக்கே ஒரு சந்து. கோடியில் நீலக் கதவு. பிளேவியா இரண்டு கைகளாலும் தட்டியபோது தெருவில் நன்றாக இருட்டியிருந்தது.

கதவைத் திறந்தவர் மாமா. அது கல்லூரிப் பெண்கள் தங்கும் விடுதி. முற்றத்தில் மாதா சிலை வைத்த கெபியின் முன்னால், கையில் தீப்பெட்டியோடு அம்மா நின்றிருந்தாள். மெழுகுவர்த்தி இன்னும் ஏற்றப்படவில்லை. காலடியில் கருகிய குச்சிகள் இறைந்து கிடந்தன.

“ஏன் இவ்வளவு நேரம்?”

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பிளேவியா உள்ளதையே சொன்னாள். “நம்ம ஊர் மாதிரி கடல் கிழக்கன்னு நெனச்சுட்டேன்மா. முழுக்க மாத்தி நடந்துட்டேன். சூரியனப் பாத்த பெறவுதான் புத்தி வந்துச்சு. விளக்கு வைக்கிற நேரமும் தாண்டிட்டு.”

“எங்க தாண்டிச்சு? இன்னும் விளக்கு வைக்கலையே. ஒரே காத்து, குச்சி நிக்கவே மாட்டேங்குது.”

முற்றத்து வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. மாமா தரையைப் பார்த்துச் சிரித்தார். பிளேவியாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

“நம்ம ஊரு இப்ப எந்தப் பக்கம்? சொல்லு,” என்றாள் அம்மா.

பிளேவியா கடல் இருந்த பக்கம் முதுகைக் காட்டி நின்று, கொஞ்சம் வலப்புறமாகக் கையை நீட்டினாள். “அந்தா, அங்க.”

“சரி. லீவுக்கு அந்தப் பக்கம் ஒழுங்கா வந்து சேரு.”

அம்மா அடுத்த குச்சியைக் கிழித்தாள். இந்தத் தடவை அவள் ஊதி அணைக்கவில்லை.