அஸால் ஏரியின் செய்தி

ஒட்டகம் மட்டும் திரும்பி வந்திருந்தது. முதுகில் ஹுமத்தின் தம்பி தீனியின் தண்ணீர்த் தோல்பை, கட்டுகூட அவிழாமல், நிறைய. அஸால் ஏரிக்கு உப்பு வெட்டப்போய் மூன்று நாளானவன் ஒரு மடக்குகூடவா குடிக்கவில்லை?

"சாயங்காலத்துக்குள்ள உன் தம்பியோட வந்து சேரு. இல்லன்னா நானே வந்து ரெண்டு பேரையும் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்," என்றாள் ஹுமத்திடம் அவன் மனைவி ஆசியா. சொல்லும்போது ஒட்டகத்தின் கயிற்றை விடவே இல்லை.

அந்தத் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹுமத் எரிமலைக் கற்களில் சரிந்து இறங்க இறங்கக் காற்று கனத்தது. கந்தக வாடை மூக்கை அரித்தது. கீழே, கண்ணைக் குத்தும் வெள்ளை உப்புக்கு நடுவே, பார்த்தாலே தாகம் தீர்ந்துவிடும்போல ஒரு நீலம், வா வா என்று மினுக்கிக்கொண்டு கிடந்தது. கடலைவிடப் பத்து மடங்கு உப்பு என்று தெரிந்தும் அவன் நாக்கு ஊறியது. உச்சி வெயிலில் உப்புத்தரை நொறுநொறுவென்று உடைய, தொண்டை கிழியத் தம்பி பெயரைக் கத்திக்கொண்டே நடந்தான்.

எதிரே தீனி வந்தான்.

கட்டிக்கொள்ள ஓடியவனைக் கை காட்டி நிறுத்தினான். வழியில் அஃபார் இனத்தார் இருவர் சந்தித்தால், அண்ணன் தம்பியே ஆனாலும், முதலில் உட்கார்ந்து செய்தி சொல்ல வேண்டும். அதுதான் தாகூ. அதில் பொய் கூடாது. கேட்டவன் அடுத்து வருகிறவரிடம் சொல்லாமல் விடவும் கூடாது.

உட்கார்ந்தார்கள்.

"என்ன கண்டே? என்ன கேட்டே?"

"எல்லாம் சுகம்ண்ணே. ஏரித் தண்ணி இனிக்குது."

"வெயில்ல மூளை உருகிடுச்சாடா? இந்தா, குடி முதல்ல."

தீனி தோல்பையை வாங்கினான். நிதானமாகக் கவிழ்த்தான். கடைசிச் சொட்டுவரை உப்பு உறிஞ்சிக்கொண்டது.

ஹுமத் அலறிக்கொண்டு அந்த ஈரத்தை நக்கினான். நிமிர்ந்தான். தம்பி முகத்தில் வியர்வை இல்லை. இமை அசையவில்லை. இமையெல்லாம் உப்பு.

அவனுக்குப் பின்னால், முழங்கால் ஆழத் தண்ணீரில், ஒருவன் குப்புறக் கிடந்தான். வெள்ளையாய் இறுகி. இடுப்பு உறையில் தீனியின் வளைந்த கத்தி.

"செய்தி கேட்டுட்டேல்ல? இனி நீதான்ண்ணே கொண்டு போகணும்."

ஓடினான். ஹுமத் மேட்டுக்குத்தான் ஓடினான். ஆனால் காலடியில் நீலம். குனிந்தான். குடித்தான்.

இனித்தது.

வெயில் சாயும்போது ஆசியா இறங்கி வந்தாள். தோளில் தோல்பை. 'திரும்பிப் போ!' என்று ஹுமத் கத்தப் பார்த்தான். வாய் இறுகியிருந்தது. கை தானாக உயர்ந்தது. கால் தானாக மடங்கியது.

வழக்கப்படி அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன கண்டே? என்ன கேட்டே?"

உதட்டு உப்பு பிளந்தது.

"எல்லாம் சுகம். ஏரித் தண்ணி..."

ஆசியா ஏரியைப் பார்த்தாள். காய்ந்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள்.