விடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளும்

குழந்தையின் துணி காய்ந்தே இருந்தது. உள்ளங்கைகளில்தான் மூத்திர வாடை. பாதங்களிலும். ரூமானா வெந்நீரில் துடைத்து, பவுடர் போட்டு, தூளியில் கிடத்தினாள். அரை மணி கழித்து முகர்ந்தால் மறுபடியும் அதே வாடை. ஏழு மாதப் பிள்ளை, எதையாவது தொட்டிருக்கும் என்று மனத்தைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை.

ஐந்து நாட்களாகவே பிள்ளை சரியில்லை. பகலெல்லாம் பந்தாகச் சுருண்டு தூங்குகிறது. முதலியார்பேட்டைத் தெருவில் கடைசி டூவீலர் சத்தமும் ஓய்ந்த பிறகு விழித்துக்கொள்கிறது. அழுவதில்லை. தூளிக் கயிற்றைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே நிற்கும் முருங்கை மரத்தையே பார்க்கிறது. அம்மாவைக் கண்டதும் கைநீட்டித் தாவும் பிள்ளை, இப்போது கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. டாக்டர் சளிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்.

போன வாரந்தான் அவள் கணவன் முஆஸ், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது டிபன் பையில் ஒரு தேவாங்குக் குட்டியைக் கொண்டுவந்தான். கம்பெனிக்குப் பின்னால் மரக்கிளையில் தனியாகத் தொத்திக்கொண்டிருந்ததாம். முகம் முழுக்கக் கண். கையிலும் காலிலும் மூத்திர வாடை. பால் புகட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் செத்துப்போயிற்று. முருங்கையடியில் புதைத்தார்கள்.

இன்று வேலைக்குக் கிளம்பியவன் செருப்பை மாட்டாமல் நின்றான்.

"தாய் விட்டுட்டுப் போயிடுச்சுன்னு நெனச்சிதான் எடுத்தாந்தேன் ரூமா. அது அப்பிடியில்லியாம், வாட்ச்மேன் சொல்றாரு. பொழுது சாஞ்சா குட்டிய கிளையில தொத்த வச்சிட்டு இரை தேடப் போவுமாம். விடியறதுக்குள்ள வந்து எடுத்துக்குமாம்."

"அப்ப அன்னைக்கி வந்து தேடியிருக்கும்ல?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

ரூமானா ஜன்னலைத் தாழிட்டுப் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபேன் சத்தத்துக்கும் ஃப்ரிட்ஜின் உறுமலுக்கும் நடுவே, முருங்கையிலிருந்து மெல்லிய விசில் போல ஓர் ஒலி வந்து நின்று மீண்டும் வந்தது; அது வரும்போதெல்லாம் மடியில் கிடந்த பிள்ளையின் விரல்கள் மூடி மூடித் திறந்தன.

எப்போது கண்ணயர்ந்தாளோ, தெரியாது.

மடி காலி. ஈரம். அதே வாடை.

ஜன்னல் திறந்திருந்தது.

செருப்பில்லாமல் ஓடினாள். போன் டார்ச்சை மேலே அடித்தாள். முருங்கையின் உச்சிக் கிளையில் இரண்டு கண்கள் மின்னின. அவள் பிள்ளை. கைகளாலும் கால்களாலும் கிளையைக் கவ்விக்கொண்டு.

அடிமரத்தில் கால் வைத்தாள். மேலே கிளை மளுக்கென்றது. இறங்கிவிட்டாள். பூனை ஏறினாலே ஒடியும் மரம். முஆஸுக்குப் போன் அடித்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்துவிடுவான். கத்த வாய் திறந்தாள். பிள்ளை பதறிக் கையை விட்டுவிடும் என்று மூடிக்கொண்டாள்.

"அம்மா பாரு... இங்க பாருடா தங்கம்..."

பிள்ளை பார்க்கவில்லை.

கிழக்கு வெளுத்தது. உச்சிக்கும் மேலே, எந்தக் கிளையும் இல்லாத இடத்திலிருந்து, ஓர் இலைகூட அசையாமல், மெலிந்த நீளமான கை ஒன்று இறங்கியது. மெதுவாக. பிறகு இன்னொன்று.

ஐந்து நாட்களுக்குப் பிறகு பிள்ளை சிரித்தது. கிளையை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மேலே நீட்டியது.