கரடி கேட்ட கேள்வி

‘கரடிக்குகைப் படகுச் சவாரி இன்று மாலையுடன் இனிதே நிறைவடைகிறது’ என்று பூங்காவின் வாசலில் ஒரு பலகை நின்றது. அந்த ‘இனிதே’யைப் படித்ததும் கோரின்னின் அப்பா கிளைடுக்கு மூக்கு சிவந்தது.

“இனிதேவாம். யாருக்காம்? எழுதினவனைக் கூப்பிடு, கேக்கறேன்.”

“அப்பா, பலகைகிட்ட சண்டை போடாதீங்க. அங்க வரிசை நீளுது பாருங்க,” என்றாள் கோரின்.

வரிசை நீளத்தான் செய்தது. படகுத்துறையில் தொடங்கி, எலுமிச்சைச் சாறு விற்கும் வண்டியைச் சுற்றி, குதிரை ராட்டினத்தைத் தாண்டி, கழிப்பறை வாசல் வரை போயிற்று. ஆகஸ்ட் மாதத்து ஃபுளோரிடா வெயில் உச்சந்தலையைச் சுட்டது. பிறகு வழக்கமான மதிய இடிமழை வந்து எல்லாரையும் நனைத்தது. வெயிலுக்கும் எவரும் நகரவில்லை. மழைக்கும் எவரும் நகரவில்லை. அவரவர் பையிலிருந்து பிளாஸ்டிக் மழையங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

பெரும்பாலோர் பழுப்பு நிறச் சட்டை அணிந்திருந்தார்கள். சட்டையின் நெஞ்சில் ‘அணைக்காதே’ என்று எழுதியிருந்தது. கோரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அப்பா வரைந்த எழுத்து அது.

அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. குகையின் உள்ளே, கடைசி அறையில், ஆம்புரோஸ் என்ற இயந்திரக் கரடி தூக்கத் தொப்பி போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கும். அதன் கையில் ஒரு விளக்கு. ஒவ்வொரு படகும் அருகே வரும்போது, ‘என்னப்பா, விளக்கை அணைச்சிடட்டுமா?’ என்று அது கேட்கும். படகில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் ‘அணைக்காதே!’ என்று முழங்குவார்கள். இது சட்டமன்று, யாரும் எழுதி வைத்ததன்று. ஆயினும் அந்தப் படகை விரும்பியவர்கள் யாவரும் அறிந்த வழக்கம்.

குகையை இடித்துவிட்டு அங்கே வானத்தில் ஏறி இறங்கும் அதிவேக விளையாட்டு ரயில் ஒன்றை அமைக்கப்போவதாகப் பூங்கா நிர்வாகம் அறிவித்த நாள்முதல், விளையாட்டாய் இருந்த அந்தச் சொல் போர்முழக்கமாயிற்று. அன்பர்கள் வாசலில் நின்று முழங்கினார்கள். பெட்டி பெட்டியாகக் கையெழுத்துகள் அனுப்பினார்கள். பதிலாக வந்தது அந்தப் பலகைதான்.

கோரின்னின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் தம்பி ஆர்லோ நின்றான். அவனுக்கு ஆறு வயது. பூங்காவுக்கு வந்த போதெல்லாம் அவன் அந்தப் படகில் ஏறியிருக்கிறான். ஆனால் ஒருமுறைகூடக் குகையைப் பார்த்ததில்லை. படகு இருட்டுக்குள் நுழைந்ததுமே அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்து, இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொள்வான். வெளிச்சம் வந்த பிறகே எழுவான்.

இன்று காலை, அவன் பாலில் கரண்டியை ஆட்டிக்கொண்டே சொல்லியிருந்தான்: “இன்னிக்கு நான் கண்ணைத் திறந்துட்டுப் போகப்போறேன். ஆம்புரோஸைப் பாக்கணும். அப்புறம் அது இருக்காதுல்ல.”

அம்மா மருத்துவமனை வேலைக்குக் கிளம்பியவள், திரும்பி வந்து அவன் தலையில் முத்தமிட்டுப் போனாள்.

இப்போது வரிசை படகுத்துறையை நெருங்கியது. சுரங்கத்தின் வாய் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குள்ளிருந்து திடீரென ஒரு பெரும் முழக்கம் கிளம்பி வந்தது. கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது.

ஆர்லோவின் விரல்கள் கோரின்னின் கையை நெரித்தன.

“கோரி, நான் வரல.”

“ஏன்டா? காலைல அவ்ளோ வீரமாப் பேசினே.”

“கரடி கத்துது.”

“கரடியா?” கோரின் சிரித்துவிட்டாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “ஆர்லோ, அது கரடி இல்லடா. அது படகுல இருக்கற ஜனங்க. நம்ம அப்பா மாதிரி ஆளுங்க.”

“பொய்.”

“சத்தியமா. கரடி கத்தவே கத்தாது. தூக்கம் வந்த குரல்ல, மெதுவா, விளக்கை அணைச்சிடட்டுமான்னு கேக்கும். அவ்ளோதான்.”

ஆர்லோ யோசித்தான். “அப்புறம்?”

“அப்புறம் நாங்க கத்துவோம்.”

“நீங்க கத்தினதுக்கு அப்புறம் கரடி என்ன சொல்லும்?”

அது கோரின்னுக்கே தெரியவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

“அப்பா, நாம அணைக்காதேன்னு சொன்னதும் ஆம்புரோஸ் என்ன சொல்லும்?”

அந்தக் குகையில் எத்தனை மின்மினிகள் உண்டு, எந்த ஆந்தைக்கு எந்தக் கண் சிமிட்டாது, எந்த வளைவில் படகு இடிக்கும் என்பதெல்லாம் கிளைடுக்கு அத்துப்படி. அவர் தாடையைச் சொறிந்தார். “சிரிக்கும்னு நினைக்கிறேன்.”

“சிரிக்காது,” என்றார் பின்னால் நின்ற டோரீன். ஒஹாயோவிலிருந்து இந்த ஒரு சவாரிக்காகவே காரோட்டி வந்தவர் அவர். “குறட்டை விடும்.”

“ரெண்டும் இல்ல,” என்றார் முன்னால் நின்ற லைல். கனத்த உடம்பும் தலையில் கரடிக் காதுகளும் கொண்ட மனிதர். சட்டை நிறையப் பூங்காவின் உலோகச் சின்ன வில்லைகளைக் குத்தியிருந்ததால் திரும்பும்போதெல்லாம் சலங்கைபோல் ஒலித்தார். “அது ஒண்ணுமே சொல்லாது. சும்மா வாயை ஆட்டிட்டு விளக்கை ஊதிடும்.”

“வாயை ஆட்டுச்சுன்னா ஏதோ சொல்லுதுன்னுதானே சார் அர்த்தம்?” என்று கேட்டாள் கோரின்.

லைல் தலையிலிருந்த கரடிக் காதுகளைச் சரிசெய்துகொண்டார்.

“வீடியோ எவ்ளோ இருக்கு,” என்றார் டோரீன் மெல்ல. “எல்லாத்துலயும் நம்ம கூச்சல்தான் கேக்குது. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.”

கோரின் தம்பியைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே ஒரு காதைப் பொத்தியிருந்தான். இன்னும் சற்று நேரத்தில் படகு. இன்று விட்டால் அவனுக்கு ஆம்புரோஸ் என்றைக்கும் இல்லை. அவள் நிமிர்ந்து நின்றாள்.

“நம்ம படகுல மட்டும் யாரும் கத்தாம இருக்கலாமா?”

“என்னம்மா சொல்றே?” லைல் அதிர்ந்து போனார். “அந்தக் கத்தலை ஆரம்பிச்சதே நான்தான். பள்ளிக்கூடப் பையனா இருந்தப்ப, என் கூட்டாளிங்களோட. இன்னிக்குக் கடைசி நாள். இன்னிக்கு வாயை மூடிக்கிட்டு வான்னா எப்படி?”

“நீங்க வழியனுப்ப வந்தீங்களா சார், கத்த வந்தீங்களா?”

“ரெண்டும்தான்.”

“கத்துறதை இங்கயே கத்திக்கலாம். குகை இங்க வராது.”

டோரீன் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். “நான் ஒத்துக்கறேன் கண்ணு. அவ்ளோ தூரம் வந்துட்டு அது என்ன சொல்லுதுன்னு தெரியாமப் போனா எனக்குத் தூக்கம் வராது.”

அதே படகில் ஏறவிருந்த மற்றவர்களிடமும் கோரின் போனாள். புதுமணத் தம்பதியர் தலையாட்டினர். மூன்று கல்லூரி மாணவர்கள் தமக்குள் கிசுகிசுத்துவிட்டுச் சரி என்றார்கள். மிஞ்சியவர் அப்பா ஒருவரே. எல்லாரையும்விட அவர்தான் கடினம் என்று அவளுக்குத் தெரியும்.

“கோரி, இன்னிக்குத்தான் கத்தணும். நாம கத்துறது கரடிக்கு மட்டுமில்ல. இந்தப் பூங்கா முதலாளிங்க காதுல விழணும்.”

“விழுந்துச்சாப்பா?”

கிளைடு வாசல் பலகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க அதை நூறு தடவை பாத்துட்டீங்க. அவன் ஒரு தடவைகூடப் பாக்கல. பயந்தது கரடிக்கு இல்ல. நமக்கு.”

கிளைடு தரையில் குந்தி உட்கார்ந்தார். அவர் முகமும் மகன் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தன.

“டேய், இத்தனை நாளும் என் சத்தத்துக்கா பயந்தே?”

“நான் கரடின்னு நினைச்சேன்,” என்றான் ஆர்லோ.

“அப்போ கரடி நான்தான்.” அவர் மகனின் காதிலிருந்து கையை மெதுவாக எடுத்துவிட்டார். “சரி. இன்னிக்கு இந்தக் கரடி வாயைத் திறக்காது.”

படகு வந்து துறையில் முட்டியது. எல்லாரும் ஏறினார்கள். ‘கைகளையும் கால்களையும் படகுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பதிவுக் குரல் சொன்னது. வழக்கமாகப் படகே சேர்ந்து ஒப்பிக்கும். இன்று உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு அவையும் நின்றன. படகு இருட்டுக்குள் நுழைந்தது.

முதலில் தண்ணீர் கேட்டது. பாறையில் சொட்டும் ஒலி, படகின் அடியில் தழுவும் ஒலி. பிறகு தவளைகள். அதற்கும் அடியில், எங்கிருந்தோ, ஒரு பிடில் மிக மெல்ல இசைத்துக்கொண்டிருந்தது. டோரீன் கிளைடின் தோளைத் தொட்டு, மேலே விரலைக் காட்டினார். கிளைடு தலையசைத்தார். இத்தனை ஆண்டுகளாக அங்கே ஒரு பிடில் இருந்ததை இருவரும் அறியாதிருந்தார்கள்.

ஆர்லோ முகத்தைக் கோரின்னின் கைக்குள் வைத்திருந்தான். ஒரு கண் திறந்தது. மின்மினிகளைக் கண்டது. மற்றக் கண்ணும் திறந்தது.

“கோரி, ஆந்தை கண்ணடிக்குது,” என்று கிசுகிசுத்தான்.

“ஆமா.”

“எனக்கா?”

“உனக்குத்தான்.”

படகு கடைசி வளைவில் இடித்துத் திரும்பியது. மஞ்சள் ஒளியில் கட்டில் தெரிந்தது. ஆம்புரோஸ் ஆர்லோ நினைத்ததைவிடச் சிறியது. ஒரு காதில் ரோமம் உதிர்ந்திருந்தது. அதன் தலை ஒரு கிறீச்சொலியோடு படகின் பக்கம் திரும்பியது. தொப்பியின் குஞ்சம் ஆடியது.

“என்னப்பா, விளக்கை அணைச்சிடட்டுமா?”

லைலின் வாய் தானாகத் திறந்தது. எத்தனையோ வருடத்துப் பழக்கம். அது அவரைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. ஒலி வருவதற்குள் கையிலிருந்த உப்பு முறுக்கு ரொட்டி முழுவதையும் வாய்க்குள் திணித்துக்கொண்டார். கிளைடு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

குகை அமைதியாக இருந்தது. கரடி விளக்கைப் பிடித்தபடி காத்திருந்தது. யாருமே பதில் சொல்லாதது ஆர்லோவுக்குச் சரியாகப் படவில்லை. கேட்டால் சொல்ல வேண்டாமா?

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அணைச்சுக்கோ,” என்றான். “எங்களுக்குப் பயமில்ல. நீ தூங்கு.”

கரடியின் வாய் அசைந்தது. முதல்முறையாக, அந்தப் படகில் இருந்த ஒவ்வொருவர் காதிலும் அதன் பதில் விழுந்தது.

“ரொம்ப நன்றிப்பா. வந்து பாத்தீங்களே, அதுவே போதும்.”

அது விளக்கை ஊதி அணைத்தது.

இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒருவரல்லர், பலர். கிளைடு இருட்டிலேயே கையை நீட்டி மகனின் தலையைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் வைத்துக்கொண்டார்.

“கிளைடு,” என்றார் டோரீன், நனைந்த குரலில். “இத்தனை வருஷமா நாம அதைத் தூங்கவே விடல.”

லைல் ஏதோ சொன்னார். ரொட்டி வாய் நிறைய இருந்ததால் யாருக்கும் புரியவில்லை. அவர் விழுங்கிவிட்டு மறுபடியும் சொன்னார்: “நான் கத்த ஆரம்பிச்சப்ப ஒருத்தராவது, வாயை மூடுடான்னு சொல்லியிருக்கக்கூடாதா?”

அழுதுகொண்டிருந்த படகு சிரித்தது. அந்தச் சிரிப்போடு வெளிச்சத்துக்கு வந்தது.

துறையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “என்ன, உங்க படகுல சத்தமே வரல?”

“கரடி கடைசியா ஒண்ணு சொல்லுது,” என்றாள் கோரின்.

“என்ன சொல்லுது?”

“போய்க் கேளுங்க. கத்தாமக் கேளுங்க.”

லைல் வில்லைகள் ஒலிக்க வரிசையின் கடைசி வரை நடந்தார். கத்தச் சொல்லிக் கொடுத்த அதே மனிதர், இன்று ஒவ்வொருவரிடமும் குனிந்து, கத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த படகு உள்ளே போனது. முழக்கம் எழவில்லை. அதற்கடுத்த படகும் அப்படியே. ஒவ்வொரு படகும் சிவந்த கண்களோடும் சிரித்த முகத்தோடும் வெளியே வந்தது.

வெளிவாசலுக்கு அருகே, தகர மறைப்புக்கு மேலே, புதிய ரயிலுக்கு இந்தப் பக்கமிருந்தே போடத் தொடங்கிய இரும்புத் தண்டவாளம் வளைந்து வானத்துக்கு ஏறி நின்றது. இத்தனை மாதமும் கிளைடு அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்திருந்தார். ஆர்லோ திரும்பினான். அங்கே ஒரு பலகையில், ஏறுவதற்கு வேண்டிய உயரத்துக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தது. அவன் ஓடிப்போய் அதில் முதுகைச் சாய்த்து நின்றான்.

“அப்பா, நான் எட்டறேனா?”

கோரின் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தண்டவாளத்தின் நிழலில்கூட நிற்க மாட்டேன் என்று சபதம் செய்தவர் அவர்.

கிளைடு நடந்து வந்து, மகனின் தலைக்கும் கோட்டுக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்தார்.

“இன்னும் நாலு விரல்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் நீ உயரத்தை வளத்துக்கோ,” என்றார் கிளைடு, அண்ணாந்து அந்த உச்சியைப் பார்த்து எச்சிலை விழுங்கியபடி. “நான் தைரியத்தை வளத்துக்கறேன்.”